பள்ளித் தேர்தல் பெட்டி: நெல்லைச் சீமைப் பள்ளிக்கு எது ஆகும், எது ஆகாது

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி ஜங்ஷனிலும் பள்ளிகளுக்கு வரைபடமும் உலக உருண்டையும் விற்கிற ஸ்டேஷனரிக் கடைகளில் ‘பள்ளித் தேர்தல் பெட்டி’ என்று ஒன்று வந்திருக்கிறது. 6 முதல் 10-ஆம் வகுப்பு வரைக்கும் என்று மேலே போட்டிருக்கிறது. விலை 1,850 ரூபாய். ஜனவரி 25, தேசிய வாக்காளர் நாள் நெருங்கும்போது இதை விசாரிக்கிற ஆசிரியர்கள் அதிகம். வாங்கலாமா என்றால் வாங்கலாம். ஆனால் பிரித்த கையோடு மேஜையில் பரப்பிவிடக் கூடாது. உள்ளே இருக்கிற சாமான்களில் இரண்டு நம் பக்கத்துப் பள்ளிக்கு ஆகவே ஆகாது. மெஷின் அரைகுறை. சார்ட் தப்பு. எல்லாருடைய கண்ணும் மெஷின் மேலேயே போவதால் யாரும் புரட்டிப் பார்க்காத ஒரு பதிவேடு அடியில் கிடக்கிறது. கொடுத்த காசு அந்தப் பதிவேட்டுக்குத்தான்.

பெட்டியில் இருப்பவை: 8 பொத்தான் உள்ள ஓட்டு மெஷினும் அதோடு ஒயரில் இணையும் கட்டுப்பாட்டுப் பெட்டியும், மூன்றாக மடங்கும் அட்டை மறைப்பு, 60 பக்கப் பதிவேடு, 100 பேர் எழுதும் வெற்று வாக்காளர் பட்டியல், 20 வேட்புமனுத் தாள், 24 சின்ன அட்டை, 200 வெள்ளை வாக்குச்சீட்டு, அட்டை ஓட்டுப்பெட்டி, முத்திரைக் கட்டை, மைக்குப்பி, முத்திரை ஸ்டிக்கர் ஒரு தாள், நாலு கலரில் கைப்பட்டை, விளையாட்டு ரூபாய் நோட்டு, அரசாங்க அடுக்குகளைக் காட்டும் சார்ட், 40 பிரச்சினை அட்டைகள், 36 பக்கக் கையேடு.

மெஷினை முதலில் பார்த்துவிடலாம். அசல் மெஷினில் அதிகாரி ‘பேலட்’ பொத்தானை அழுத்தினால்தான் ஒரே ஒரு ஓட்டுக்குத் திறக்கும். ஓட்டு விழுந்ததும் பூட்டிக்கொள்ளும். இந்தப் பெட்டியிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது, சரியாகவே வேலை செய்கிறது. பிள்ளை பத்துத் தடவை அழுத்தினாலும் ஒரு ஓட்டுதான். கோளாறு மூன்று இடத்தில்.

ஒன்று, ஒயர். அசலில் 5 மீட்டர் இருக்கும். இதில் ஒன்றரை மீட்டர். அதனால் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்திருக்கும் பிள்ளை மறைப்புக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியதாகிறது. விரல் எந்த வரிசையில் போகிறது என்று அங்கிருந்தே தெரியும். ஓட்டு ரகசியம் என்று போர்டில் எழுதிவிட்டு இப்படி உட்காரவைத்தால் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புவார்கள். ஒயரின் இரண்டு முனையும் ஹெட்போன் பின்தான். மொபைல் சாமான் விற்கிற கடையில் 3 மீட்டர் ஒயர் வாங்கி மாட்டினால் தீர்ந்தது. மறைப்பின் உயரமும் 45 சென்டிமீட்டர்தான். ஜன்னலுக்கு முதுகு காட்டி வைக்கக் கூடாது, சுவரை ஒட்டி மூலையில் வைக்க வேண்டும்.

இரண்டு, மின்சாரம். மூன்று பென்சில் பேட்டரி. அசல் மெஷினில் மின்சாரம் போனாலும் பதிவான ஓட்டு அழியாது. இதில் பேட்டரி மூடி லேசாக ஆடினாலே எண்ணிக்கை 0 ஆகிவிடும். 30-வது ஓட்டில் மேஜை இடிபட்டால் எல்லாம் போச்சு. புது அல்கலைன் பேட்டரி போட்டு, மூடியைச் செல்லோ டேப்பால் ஒட்டிவிட வேண்டும். பத்துப் பேருக்கு ஒருமுறை ‘மொத்தம்’ பொத்தானை அழுத்தி வரும் எண்ணைப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். அசல் வாக்குச்சாவடியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் என்று மேலே சொல்வதால், இது ஒட்டுப்போட்ட வேலையாகத் தெரியாது, பாடத்தில் சேர்ந்துவிடும்.

மூன்றாவதுதான் பெரியது. அசலில் முடிவைப் பார்க்காமல் அழிக்க முடியாது. மூடு, முடிவு, அழி என்ற வரிசையில்தான் போகும். இதில் ‘அழி’ பொத்தானை எந்த நேரத்தில் தொட்டாலும் அழிந்துவிடும். இந்தக் குறையையே பாடமாக்கலாம். பெட்டியில் இருக்கும் முத்திரை ஸ்டிக்கர் எதற்கு என்று கையேடு சொல்லவே இல்லை. அலங்காரத்துக்கு என்று நினைத்துப் பிள்ளைகள் நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். அசல் தேர்தலில் வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்னால் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டு மாதிரியாகப் போட்டுப் பார்த்து, முடிவைக் காட்டி, அழித்து, மெஷினில் 0 இருப்பதைக் காட்டிய பிறகுதான் முத்திரை வைக்கிறார்கள். வகுப்பில் 10 ஓட்டுப் போதும். 0 தெரிகிறதா என்று ஒவ்வொரு வேட்பாளரின் முகவரும் பார்த்து, ‘அழி’ பொத்தான் மேல் ஸ்டிக்கரை ஒட்டி, அதன் மேல் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டு முடியும்வரை அந்தக் கையெழுத்து கிழியக் கூடாது. முத்திரை என்றால் என்ன என்று இதைவிட நன்றாக எந்தப் பத்தியும் சொல்லிவிடாது. மாதிரி ஓட்டை அழிக்க மறந்து அசல் வாக்குப்பதிவைத் தொடங்குவது அடிக்கடி நேரும். கடைசியில் பத்து ஓட்டுக் கூடுதலாக வந்தால் முதலில் அங்கேதான் தேட வேண்டும்.

காகிதச் சீட்டு காட்டும் விவிபேட் இதில் கிடையாது. அசலில் சீட்டு 7 விநாடி கண்ணாடி வழியே தெரிந்துவிட்டுக் கீழே விழும். இதற்கு ஈடாக, மெஷினில் அழுத்திய பிள்ளை அதே மறைப்புக்குள் ஒரு வெள்ளைச் சீட்டிலும் முத்திரை குத்தி ஓட்டுப்பெட்டியில் போடட்டும். 200 சீட்டு இருப்பதால் தாராளம். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

இனி பதிவேடு. இது அசல் 17அ பதிவேட்டின் சாயலில் அச்சிடப்பட்டிருக்கிறது: வரிசை எண், பட்டியலில் உள்ள எண், காட்டிய அடையாளம், கையெழுத்து அல்லது ரேகை, குறிப்பு. கடைசிப் பக்கங்களில் கணக்குத் தாள் இருக்கிறது. அது 17இ படிவத்தின் சுருக்கம். செய்தவர்களுக்குத் தேர்தல் வேலை தெரிந்திருக்கிறது என்று இந்த இடத்தில்தான் தெரிகிறது.

அசலில் உள்ளபடி மூன்று பேரை உட்காரவைக்க வேண்டும். முதல் ஆள் பட்டியலில் பெயரைத் தேடி எண்ணை உரக்கச் சொல்வார். இரண்டாவது ஆள் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைத்து, வரிசை எண் எழுதிய துண்டுச் சீட்டு கொடுப்பார். மூன்றாவது ஆள் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்ட பிறகே ‘பேலட்’ அழுத்துவார். மேலே தலைமை அதிகாரி ஒருவர். வேட்பாளர்களின் முகவர்கள் ஆளுக்கொரு பட்டியல் நகலோடு பெஞ்சில் உட்கார்ந்து டிக் அடிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் வைத்தால் 40 பேருக்கு ஒரு பீரியட் சரியாக இருக்கும். மை காய்வதற்குக் காத்திருந்தால் நேரம் இழுத்துவிடும், காத்திருக்க வேண்டாம்.

முடிவில் மூன்று எண் ஒன்றாக வர வேண்டும்: பதிவேட்டின் கடைசி வரிசை எண், மூன்றாவது ஆளிடம் சேர்ந்த துண்டுச் சீட்டு, மெஷினின் மொத்தம். ஓட்டுப்பெட்டியில் விழுந்த வெள்ளைச் சீட்டையும் சேர்த்தால் நாலு. முதல் தடவை ஒன்றாக வருவது அபூர்வம். வராததுதான் நல்லது, பாடம் அங்கே ஆரம்பிக்கிறது. பதிவேடு 38, சீட்டு 38, மெஷின் 37 என்றால், மறைப்புக்குள் போன ஒருவர் பொத்தானைச் சரியாக அழுத்தாமல், சத்தம் வருமுன் வெளியே வந்திருக்கிறார். அவருக்குத் திறந்த ஓட்டை அடுத்தவர் போட்டிருக்கிறார். பதிவேடு 38, சீட்டு 37, மெஷின் 37 என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் போனவர் ஒருவர். அசலிலும் அப்படிப் போக உரிமை உண்டு, குறிப்பு நிரலில் எழுதிக் கழிக்க வேண்டும். மெஷின் மட்டும் ஒன்று கூடுதலாக இருந்தால் மூன்றாவது ஆள் சீட்டு வாங்காமல் அழுத்தியிருக்கிறார். இந்தத் தேடலுக்கு ஒரு முழுப் பீரியட் ஒதுக்க வேண்டும். யார் ஜெயித்தார்கள் என்று சொல்லும் முன்பே இதைச் செய்ய வேண்டும். முடிவு தெரிந்துவிட்டால் தோற்றவரின் கட்சிதான் கணக்குப் பார்க்கும். ஆத்திரம் இல்லாமல் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு எண்ணைத் தேடுவது ஜெயித்தவரை அறிவிப்பதற்கு முன்னால் மட்டுமே நடக்கும்.

பெட்டியோடு வரும் மை சாதாரண ஸ்டாம்ப் பேட் மை. கையைக் கழுவினால் போய்விடும். அசல் மையில் வெள்ளி நைட்ரேட் இருப்பதால் தோலில் பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் விரலுக்கு அதைத் தேடிப் போக வேண்டாம். சேங்கொட்டைச் சாறு அழியாது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கூடாது, தோல் வெந்து கொப்பளித்துவிடும். நகத்தின் மேல் பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்தால் சாயங்காலம்வரை நிற்கும். அது போதும்.

வாக்காளர் பட்டியல் வெற்றுத் தாளாக வருகிறது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்யாமல் வேண்டுமென்றே தப்போடு தயாரியுங்கள்: ஒரு பெயர் விடுபட்டிருக்கட்டும், ஒரு பெயர் இரண்டு தடவை வரட்டும், டி.சி. வாங்கிப் போன ஒரு பிள்ளையின் பெயர் நீக்கப்படாமல் இருக்கட்டும், ஒரு தலைப்பெழுத்து மாறியிருக்கட்டும். அதை அறிவிப்புப் பலகையில் மூன்று நாள் ஒட்டிவைத்து, சேர்க்க, ஆட்சேபிக்க, திருத்த என்று தனித்தனித் தாளில் மனு வாங்குங்கள். அசலில் அவை படிவம் 6, 7, 8. மூன்று நாளில் பலகையைப் போய்ப் பார்க்காத பிள்ளை ஓட்டுப் போட வரும்போது பெயர் இல்லை என்றால் இல்லைதான். அங்கே இரக்கப்பட்டால் பட்டியலின் அருமை தெரியாது. ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆனது 1989-ல், 61-வது அரசியல் சட்டத் திருத்தத்தால். இப்போது 17 முடிந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 என்று தகுதி நாள் நாலாகிவிட்டது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

இனி எடுத்து ஒதுக்க வேண்டிய இரண்டு சாமான். முதலாவது கைப்பட்டை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நாலு கலர்; வேட்பாளரின் ஆதரவாளர்கள் கையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கையேடு சொல்கிறது. இதை எழுதியவர்களுக்கு நம் சீமையில் பிள்ளைகள் கையில் கலர்க் கயிறு என்றால் சாதி அடையாளம் என்று தெரியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய சாதிக் கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. அப்படியிருக்க, பள்ளியே கலர்ப்பட்டை எடுத்துக் கொடுக்கலாமா? பெட்டியைப் பிரிக்கும்போதே, பிள்ளைகள் கண்ணில் படும் முன், எடுத்து அப்புறப்படுத்திவிட வேண்டும். ஆதரவாளர் அடையாளம் வேண்டும் என்றால் வெள்ளைத் தாளில் சின்னத்தைக் கறுப்பில் வரைந்து சட்டையில் குத்திக்கொள்ளட்டும்.

இதே காரணத்தால் கையேட்டின் இன்னொரு யோசனையும் ஆகாது. வகுப்பை வார்டாகப் பிரிக்க, ‘ஒரே தெருவில் வசிப்பவர்களை ஒரு வார்டாக்கலாம்’ என்கிறது. நம் ஊர்களில் தெருப்பெயர் கேட்டாலே எந்தச் சமூகம் என்று தெரிந்துவிடும். தெருவாரியாகப் பிரித்தால் தேர்தல் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடும், அதோடு வெளியே இருக்கிற வேலியை வகுப்புக்குள்ளும் கொண்டுவந்து நட்டதாகும். பிறந்த மாதத்தை வைத்துப் பிரிக்கலாம்: மூன்று மாதத்துக்கு ஒரு வார்டு, நாலு வார்டு. வேட்பாளருக்கு முன்மொழிபவர் வேறு பெஞ்சிலிருந்து வர வேண்டும் என்று ஒரு விதியும் வைத்துவிட்டால், ஓட்டுக் கேட்கப் பழகாதவர்களிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, விளையாட்டு நோட்டு. ஆளுக்கு 500 ரூபாய் ‘பிரசாரச் செலவுக்கு’ கொடுக்கச் சொல்கிறது கையேடு. கொடுத்த பத்தாவது நிமிடத்தில் அது ஓட்டுக்குப் பணமாகத்தான் மாறும். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் பார்த்தது அது. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம் என்று சொல்லலாம், ஆனால் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டுச் சொல்வதில் பலன் இல்லை. நோட்டை ஒரே ஒரு காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: டெபாசிட். சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் திரும்ப வராது. நோட்டாவுக்கு விழுந்தது இந்தக் கணக்கில் சேராது. 38 ஓட்டில் நோட்டா 2 போக 36. ஆறு வாங்கினால் டெபாசிட் போச்சு, ஏழு வாங்கினால் தப்பியது. ஏழாம் வகுப்புக் கணக்கு இது.

சின்ன அட்டை 24-ல் பானையும் சைக்கிளும் இருக்கின்றன. இரண்டிலும் தமிழ்நாட்டில் கட்சிகள் நின்றிருக்கின்றன. எடுத்துவிட்டுச் சுளகு, பனங்கிழங்கு, ஓலைப்பெட்டி, தோணி என்று பிள்ளைகளையே வரையச் சொல்லலாம். கட்சிக்கொடி, தலைவர் படம் எதுவும் வகுப்புக்குள் வேண்டாம். பிள்ளைகளைப் பிரசாரத்தில் இறக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையமே கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது; நிஜத் தேர்தல் அறிவித்த நாட்களில் இந்தப் பெட்டியை மேலே பரணில் வைத்துவிடுவது நல்லது.

அரசாங்க அடுக்குச் சார்ட்டைச் சுவரில் மாட்டக் கூடாது. அதில் மூன்று தப்பு. கிராம நிர்வாக அலுவலரை ஊராட்சித் தலைவருக்குக் கீழே போட்டிருக்கிறது. வி.ஏ.ஓ. வருவாய்த் துறை ஆள். தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர் என்று அவருடைய ஏணி வேறு. தலைவரோடு வேலை செய்பவர் ஊராட்சிச் செயலர். இந்த இரண்டு ஏணியையும் பக்கத்தில் பக்கத்தில் வரைய வேண்டும். ஒன்றில் ஆட்கள் நியமனம் ஆகிறார்கள், மற்றதில் ஓட்டு வாங்கி வருகிறார்கள்.

அடுத்து, மக்களிடமிருந்து மேயருக்கும் ஒன்றியச் சேர்மனுக்கும் நேராக அம்பு போட்டிருக்கிறது. 2022-ல் திருநெல்வேலி மாநகராட்சிக்கு மக்கள் 55 கவுன்சிலர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மேயரை அந்த 55 பேர் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பேர் போட்டியிட்டு 55 பேரும் ஓட்டுப் போட்டால் ஜெயிக்க 28 ஓட்டு வேண்டும். ஒன்றியச் சேர்மனும் மாவட்ட ஊராட்சித் தலைவரும் அப்படித்தான். ஊராட்சித் தலைவர் மட்டும் ஊர் ஓட்டில் நேராக வருகிறவர். மூன்றாவது தப்பு, மாவட்டத்துக்குள் தொகுதி அடங்கும் என்று வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டது. திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதி: ஆலங்குளம், திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது ஆலங்குளம் அந்தப் பக்கம் போனது, எம்.பி. தொகுதி மட்டும் இங்கேயே நிற்கிறது. ஆலங்குளத்துப் பிள்ளைக்குக் கலெக்டர் தென்காசியில், எம்.பி. திருநெல்வேலிக்கு. வட்டத்துக்குள் வட்டம் வரைந்து இதை விளக்கவே முடியாது. மாவட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளில் தொகுதி எல்லையை வரைந்து மேலே வைத்துக் காட்டினால் ஒரு பார்வையில் விளங்கும்.

பிரச்சினை அட்டை நல்ல யோசனை. ஒரு பக்கம் குறை, மறுபக்கம் அதற்குரிய அலுவலகம். ஆனால் 40-ல் பாதி சென்னைக்கு எழுதியது. மெட்ரோ ரயிலும் கடற்கரைச் சாலையும் நமக்கு எதற்கு? அவற்றை ஒதுக்கி, வெற்று அட்டையில் இந்தப் பக்கத்துக் குறைகளை எழுதுங்கள். தெருவிளக்கு எரியவில்லை: ஊராட்சி. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க: வட்ட வழங்கல் அலுவலர். பட்டா மாறுதல்: தாசில்தார் அலுவலகம். ஜங்ஷன் நடைமேடையில் தண்ணீர் வரவில்லை: ரயில்வே, ஒன்றிய அரசு. கூடங்குளம் அணுமின் நிலையமும் ஒன்றிய அரசு. பாபநாசம் அணையில் எப்போது தண்ணீர் திறப்பது: மாநில அரசு, நீர்வளத் துறை. தாமிரபரணித் தண்ணீர் அட்டையை எடுக்கிற குழுவுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். கன்னடியன் கால்வாய்க்காரர்களும் திருநெல்வேலிக் கால்வாய்க்காரர்களும், கீழே 1986-ல் பிரிந்துபோன தூத்துக்குடி மாவட்டத்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்காரர்களும் ஒரே ஆற்றைக் கேட்கிறார்கள். யாருக்கு முதலில் என்று அட்டையின் மறுபக்கத்தில் ஒரு வரியில் எழுத முடியாது. அரசியல் என்றால் என்ன என்று பிள்ளைகள் அங்கே தொட்டுப் பார்ப்பார்கள்.

‘ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது’ என்ற அட்டைக்குக் கையேடு ‘ஊராட்சி’ என்று ஒரே விடை கொடுத்திருக்கிறது. இது தவறு. எந்த ரோடு என்பதுதான் விடை. ஊருக்குள் போகும் தெரு ஊராட்சிக்கு, ஊரையும் ஊரையும் சேர்க்கும் சிறு சாலை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்துக்கு, பெரிய சாலை மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு, கன்னியாகுமரி போகும் நாற்கரச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு. பள்ளி வாசலிலிருந்து நாற்கரச் சாலைவரை ஒரு படம் போட்டு, எந்த இடத்தில் சாலை கை மாறுகிறது என்று குறிக்கச் சொன்னால், பெற்றோர் எத்தனை பேர் தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளே வந்து சொல்வார்கள்.

மனு எழுதும் பயிற்சி பெட்டியில் இல்லை. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குக் கொடுக்கிற மாதிரியே ஒரு பக்கம் எழுதவையுங்கள்: அனுப்புநர், பெறுநர், இடம், எத்தனை நாளாக, என்ன வேண்டும். மனுவுக்கு எண் வாங்காமல் திரும்பக் கூடாது என்பதையும் சேர்த்து.

கிராமத்துப் பள்ளிகளுக்கு இந்தப் பெட்டியின் பெரிய குறை உள்ளாட்சித் தேர்தல். கையேடு மெஷினோடு நிறுத்திக்கொள்கிறது. 2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் ஊரகத் தேர்தல் நடந்தபோது மெஷின் இல்லை. ஒவ்வொருவரும் நாலு சீட்டில் முத்திரை குத்தினார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது, பின்னிரண்டில் உண்டு. நடத்தியது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத் தேர்தலை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. வெள்ளைச் சீட்டுதான் பெட்டியில் இருக்கிறது. மற்ற மூன்று கலரில் ஏ4 தாள் பத்துப் பத்து வாங்கி நாலாக வெட்டினால் 40 பிள்ளைகளுக்குச் சரி. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்பது தமிழ்நாட்டுச் சட்டம். நாலு வார்டில் இரண்டைக் குலுக்கல் போட்டுப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். ‘ஏன்?’ என்று கேள்வி வரும். வர வேண்டும்.

பெட்டியில் உள்ள முத்திரைக் கட்டை நட்சத்திர வடிவம். இது கூடவே கூடாது. சீட்டை மடிக்கும்போது மை ஈரமாக இருந்தால் எதிர்ப்பக்கத்துச் சின்னத்தின் மேலும் பதியும். நட்சத்திரத்தைக் கண்ணாடியில் பார்த்தாலும் நட்சத்திரம்தான். எது குத்தியது, எது ஒட்டியது என்று எண்ணுகிறவருக்குத் தெரியாது. அசல் முத்திரையின் அம்புக்குறிகள் ஒரே பக்கமாகச் சுழலும். தலைகீழாக ஒட்டினால் சுழற்சி மாறிவிடும், கண்டுபிடித்துவிடலாம். உருளைக்கிழங்கைக் குறுக்கே வெட்டி ‘க’ என்ற எழுத்தைச் செதுக்கிக்கொண்டால் போதும். முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக மடிக்கவும் பழக்குங்கள். செல்லாத ஓட்டு எவ்வளவு விழுகிறது என்று ஒரு ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் குத்துவதுதான் அதிகம்.

கையேட்டில் உத்திரமேரூர்க் குடவோலை இரண்டு பக்கம். பழைய ஜனநாயகம் என்று புகழ்கிறது, நிபந்தனைகளைச் சொல்லவில்லை. அங்கே பெயர் எழுதக் கால் வேலி (பழைய நில அளவு) நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். ஓலையை எடுப்பது ஒரு சிறு பிள்ளை. ஓட்டு அல்ல, குலுக்கல். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் எல்லாருக்கும் ஓட்டு என்பது எவ்வளவு புதியது என்று விளங்கும். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் சாலையில் இருக்கும் மானூர்க் கோயிலில், உத்திரமேரூருக்கு நூறு வருஷத்துக்கு முந்திய பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சபையில் யார் உட்காரலாம் என்ற விதிகள் அதிலும் உண்டு. கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டுப் பாடம் நடத்த வேண்டாம்.

ஓட்டுச் சமமானால் மறுபடி ஓட்டுப் போட வேண்டும் என்று கையேடு சொல்வதும் தவறு. சட்டப்படி தேர்தல் அதிகாரி குலுக்கல் போடுவார்; சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு ஓட்டுக் கூடுதலாகக் கணக்காகும்.

நேரக் கணக்கு: பட்டியலும் மனுக்களும் ஒரு வாரம், வேட்புமனு, பரிசீலனை, வாபஸ் இரண்டு பீரியட், பிரசாரம் இரண்டு நாள், ஓட்டுக்கு முந்திய நாள் பிரசாரம் கிடையாது, ஓட்டு ஒரு பீரியட், கணக்கு ஒன்று, எண்ணிக்கை ஒன்று. மொத்தம் மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். ஜெயித்தவர்களோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஜெயித்த வார்டு உறுப்பினர்களின் முதல் கூட்டத்தையும் நடத்துங்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவது, விளையாட்டுச் சாமான் யாருக்கு எப்போது என்று உண்மையாகவே அவர்கள் கையில் இருக்கிற இரண்டு விஷயத்தை மட்டும் விடுங்கள். பிறகு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவற்றில் அருகில் வருகிற கிராமசபைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஓரமாக உட்காரவையுங்கள். வரவு செலவு வாசிக்கும்போது குறித்துக்கொள்ள நோட்டு கொண்டுபோகட்டும்.

எண்ணிய காகிதச் சீட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். 2016-ல் ராதாபுரம் சட்டமன்ற முடிவு 49 ஓட்டு வித்தியாசத்தில் நின்றது; தபால் ஓட்டில் சான்றொப்பம் போட்டது செல்லுமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2019-ல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவாகி, உச்ச நீதிமன்றம் அந்த முடிவை வெளியிடத் தடை விதித்தது. முடிவை எதிர்த்து வழக்குப் போட 45 நாள் அவகாசம் உண்டு. அதனால் சீட்டுகளையும் பதிவேட்டையும் ஒரு கவரில் போட்டு, ஒட்டுவாயில் எல்லா முகவரின் கையெழுத்தும் வாங்கி, தலைமையாசிரியர் பீரோவில் 45 நாள் வையுங்கள். கணக்குத் தாளின் நகல் ஒன்று அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும், கேட்கிற காரணத்தை எழுதி வாங்கிக்கொண்டு, முகவர்களைக் கூப்பிட்டு, கவரை அவர்கள் முன்னால் பிரிக்க வேண்டும்.